மதம் மாறினால் சான்றிதழ் மாறுகிறது, சாதி மாறுகிறதா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் நம் ஊர்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒடிசாக்காரரும் ஜார்க்கண்ட்காரரும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் மாநிலங்களில் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் உண்டு. ஒடிசாவில் 1967-ல் வந்தது, ஜார்க்கண்டில் 2017-ல். தமிழ்நாட்டில் இன்று அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. இன்றைய மாணவர்கள் பலருக்கு இது தெரிந்திருக்காது.

2002 அக்டோபர் 5 அன்று ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மிரட்டியோ, ஆசை காட்டியோ, ஏமாற்றியோ மதம் மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் சிறுவர், பெண், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 4 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். நமக்குப் பாதுகாப்பு என்றார்கள். ஆனால் நம்மையும் பெண்களையும் சிறுவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தியது அந்தச் சட்டம். தன் சாமியைத் தானே யோசித்துத் தேர்ந்துகொள்ளத் தெரியாதவர்கள் என்பதுதானே அதன் பொருள்?

2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்றது. மே 13-ல் முடிவு வந்தது. சில நாட்களிலேயே, சட்டத்தைக் கொண்டுவந்த அதே அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஓட்டுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது.

ஆனால் எத்தனை ஆட்சி மாறினாலும் முழுதாக மாறாத ஆணை ஒன்று உண்டு. 1950-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியில்தான். ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால், தமிழ்நாட்டில் அவருக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். பட்டியல் சாதி இடஒதுக்கீடு போகும், தனித்தொகுதியில் நிற்கும் உரிமை போகும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் துணையும் போகும். ஆனால் ஊர் அவரைப் பழைய சாதியாகத்தான் பார்க்கிறது. சில ஊர்களில் கல்லறையும் தனி.

மாறாமல் இருந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் கிடைத்துவிட்டதா? நம் மாவட்டத்து மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில், ஒரு தெருவில் தலித் மக்கள் செருப்புப் போட்டு நடக்கவே 2023 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி கேட்டு 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. முடிவு டெல்லியின் கையில். எந்தச் சாமியைக் கும்பிடுவது என்பது நம் உரிமை என்கிறது அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு. அந்த உரிமைக்கு விலையாகச் சான்றிதழைக் கேட்பது நியாயமா? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வருகிறவரிடம், ரோடு, தண்ணீரோடு இதையும் சேர்த்துக் கேட்போம்.