சோதனைக் குழாய்களின் மூடியைக் கழற்றிப் பொருத்தும் கருவி

சோதனைக் குழாயின் மூடியைக் கையால் தொடாமல் கழற்றவும், சோதனை முடிந்த பின் மீண்டும் மூடவும் ஆய்வகங்களில் பயன்படும் இயந்திரம் மூடி கழற்றிப் பொருத்தும் கருவி ஆகும். மருத்துவ ஆய்வகங்களில் இரத்த மாதிரிகளைக் கையாள்வதில் இதன் பயன் மிகுதி. மூடியைத் திறப்பது எளிய வேலையாகத் தோன்றினாலும், அதில் பிடித்தல், திருகுதல், இழுத்தல், இறுக்கத்தை உணர்தல் ஆகிய நான்கு செயல்கள் அடங்கியுள்ளன. நம் விரல்களும் மணிக்கட்டும் தாமாகவே செய்யும் இவற்றை இயந்திரத்துக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தேவை

ஓர் ஆய்வகத்துக்கு நாளொன்றுக்கு 1,000 குழாய்கள் வருவதாகக் கொள்வோம். திறக்கவும் மூடவும் சேர்த்து 2,000 முறை கையைத் திருக வேண்டும். இவ்வாறு ஒரே அசைவை நாள்தோறும் செய்வோருக்கு விரல்களிலும் மணிக்கட்டிலும் வலி உண்டாகும். மணிக்கட்டு நரம்பு அழுத்தப்பட்டு விரல்கள் மரத்துப்போவதும் உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து தெறிப்பு. மூடியைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாக நெம்பினால் அது திடீரென விடுபடும். அப்போது மூடியின் அடியில் ஒட்டியுள்ள இரத்தம் நுண்துளிகளாகச் சிதறும். கல்லீரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. போன்ற வைரசுகள் உள்ள இரத்தம் கண்ணிலோ வாயிலோ பட்டால் தொற்று ஏற்பட வாய்ப்புண்டு. எனவே இக்கருவியை வடிவமைப்பவர் வேகத்துக்கு முன் பாதுகாப்பையே கருத வேண்டும்.

மூடிகளின் வகைகள்

இரத்தம் எடுக்கப் பெரும்பாலும் 13 மி.மீ. அல்லது 16 மி.மீ. விட்டமும், 75 மி.மீ. அல்லது 100 மி.மீ. நீளமும் கொண்ட குழாய்கள் பயன்படுகின்றன. அவற்றின் மூடிகள் இரண்டு பெரும் வகைப்படும்.

1. அழுத்தி அடைக்கும் மூடி: இரப்பர் அடைப்பான் உராய்வினால் குழாயின் வாயில் நிற்கும். சிலவற்றில் தெறிப்பைத் தடுக்க இரப்பரின் மேல் நெகிழி உறை ஒன்றும் இருக்கும்.
2. திருகு மூடி: மூடியிலும் குழாயிலும் உள்ள புரிகள் ஒன்றோடொன்று பொருந்தும்.

மூடியின் நிறமும் ஒரு தகவலே. ஊதா நிறம் ஈ.டி.டி.ஏ. கலந்த குழாயையும், இளநீலம் சிட்ரேட்டையும், பச்சை ஹெபாரினையும், சாம்பல் நிறம் ஃபுளோரைடையும் குறிக்கும். ஆகவே மூடியைக் கழற்றும் முன்பே குழாயின் பார்கோடையும் மூடியின் நிறத்தையும் கருவி பதிவு செய்துகொள்வது நல்லது.

செயல்படும் முறை

முதலில் குழாயின் உடல் பிடிக்கப்படுகிறது. இப்பிடி தளர்ந்தால் மூடியுடன் குழாயும் சேர்ந்து சுழலும். அளவு மீறி இறுகினால் கண்ணாடிக் குழாய் உடையும், பார்கோடு ஒட்டிய தாள் கிழியும். அடுத்து மூன்று விரல்கள் போன்ற பிடிப்பான் மேலிருந்து இறங்கி மூடியைப் பற்றுகிறது. மூன்று விரல்களும் சமமாக நெருங்குவதால் மூடி தானாகவே நடுவில் அமையும். பின்னர் மோட்டார் பிடிப்பானைச் சுழற்றி உயர்த்துகிறது. இறுதியில் மூடி உண்மையிலேயே விடுபட்டதா என்பதை ஒளி உணரி சரிபார்க்கிறது.

இதிலுள்ள இயற்பியல்

இரத்தம் எடுக்கும் குழாயினுள் தொடக்கத்தில் குறைந்த அழுத்தம் உள்ளது. குழாயின் உள்விட்டம் 11 மி.மீ. எனில் வாயின் பரப்பு ஏறத்தாழ 95 சதுர மி.மீ. ஆகும். உள்ளே முழு வெற்றிடம் இருந்தால் வளிமண்டலம் அடைப்பானைச் சுமார் 9.5 நியூட்டன் விசையுடன் அழுத்தும். இது 1 கிலோகிராம் நிறையின் எடைக்கு ஏறத்தாழச் சமம். இரத்தம் நிரம்பிய பின் இவ்விசை பெரிதும் குறைந்துவிடும். அதன் பின் எதிர்ப்பது முக்கியமாக இரப்பரின் உராய்வே.

நேராக இழுப்பதைவிடத் திருகிக்கொண்டே இழுத்தால் அடைப்பான் எளிதில் வருவது ஏன்? உராய்வு விசை எப்போதும் வழுக்கும் திசைக்கு எதிராகச் செயல்படும். அடைப்பான் சுழலும்போது உராய்வின் பெரும்பகுதி சுழற்சியை எதிர்ப்பதில் செலவாகிறது. மேல்நோக்கிய இயக்கத்தை எதிர்க்கும் பகுதி சிறிதாகிறது. அதனால் அடைப்பான் ‘டப்’ என்று தெறிக்காமல் மெல்ல வெளிவரும்.

திருகு மூடியில் வேறொரு கணக்கு உண்டு. புரியிடைத் தூரம் 2 மி.மீ. எனில், ஒன்றரைச் சுற்றில் மூடி 3 மி.மீ. உயரும். பிடிப்பானும் அதே அளவே உயர வேண்டும். விரைந்து உயர்ந்தால் புரி சிதையும். உயராமல் நின்றால் குழாய் கீழே தள்ளப்படும். இதற்காகப் பிடிப்பானைச் சுருள்வில்லில் தொங்கவிடுவதும் உண்டு.

விரலின் உணர்வுக்கு ஈடாக மோட்டாரின் மின்னோட்டம் அளக்கப்படுகிறது. முறுக்குவிசை கூடினால் மின்னோட்டமும் கூடும். குறித்த வரம்பைத் தாண்டினால் கருவி நின்றுவிட வேண்டும்.

மீண்டும் மூடுதல்

திறந்து கிடக்கும் குழாயில் நீர் ஆவியாவதால் சோடியம் போன்றவற்றின் செறிவு கூடும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால் பைகார்பனேட்டின் அளவு குறையும். எனவே சேமிக்க வேண்டிய மாதிரியை விரைவில் மூட வேண்டும்.

ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைப் போடும்போது, முதலில் அதைச் சற்று எதிர்த்திசையில் திருப்பி, புரி இறங்கிப் பொருந்தியதும் இறுக்குவோம். நல்ல கருவியும் இவ்வாறே செய்கிறது. இல்லையெனில் மூடி கோணலாக ஏறிவிடும்.

ஒரு குழாயின் மூடி மற்றொரு குழாய்க்குப் போகவே கூடாது. மூடியில் ஒட்டிய மிகச் சிறு துளிகூட பி.சி.ஆர். போன்ற நுட்பமான சோதனையில், நோயில்லாதவருக்கு நோய் இருப்பதாகக் காட்டிவிடக்கூடும். இதைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன: மூடியை அதே குழாய்க்கே திருப்பிப் போடுவது, அல்லது பழைய மூடியை மருத்துவக் கழிவில் சேர்த்துவிட்டுப் புதிய மூடி போடுவது. பெரிய ஆய்வகங்களில் அலுமினியத் தகட்டை வெப்பத்தால் ஒட்டி மூடுவதும் உண்டு.

ஒரே நேரத்தில் பல குழாய்கள்

உறைநிலையில் சேமிக்கும் சிறு குழாய்கள் 8 × 12 என்ற அமைப்பில் 96 ஆக ஒரு தாங்கியில் நிற்கும். அவற்றின் மையங்களுக்கு இடையே 9 மி.மீ. மட்டுமே இருக்கும். பக்கத்திலிருந்து பிடிக்க இடமில்லாததால், மூடியின் மேற்பள்ளத்தில் நுழையும் திருப்புமுனைகள் பயன்படுகின்றன. குழாய் சுழலாதபடி அதன் அடிப்பகுதி தாங்கியின் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும்.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை

• திறக்கும் இடம் மூடிய அறைக்குள் இருக்க வேண்டும். உள்ளிருக்கும் காற்றை ஹெப்பா வடிகட்டி வழியாக வெளியேற்றுவது சிறந்தது.
• பிடிப்பான் கிருமிநாசினியால் அரிக்கப்படாத, துடைக்க எளிதான பொருளால் ஆனதாக இருக்க வேண்டும்.
• மின்சாரம் நின்றாலும் பிடித்த குழாய் கீழே விழக்கூடாது.
• திறக்க முடியாத குழாயை மீண்டும் மீண்டும் முயலாமல் தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

திறக்காமலே எடுத்தல்

இரத்த அணுக்களை எண்ணும் பல கருவிகள் மூடியைக் கழற்றுவதே இல்லை. ஊசியால் இரப்பரைத் துளைத்து மாதிரியை எடுத்துக்கொள்கின்றன. ஊசி வெளியே வந்ததும் இரப்பர் மூடிக்கொள்கிறது. ஆகவே ஒரு புதிய கருவியைத் திட்டமிடும் மாணவர், மூடியை எப்படித் திறப்பது என்று எண்ணும் முன், திறக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.