உஷார்! முதுகுத்தண்டில் ராடு வைக்கும் முன்...

சி.பி. (பெருமூளை வாதம்) உள்ள பிள்ளைக்கு முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்களா? கொஞ்சம் பொறுங்கள். பிள்ளையின் எடை, சளி, மூத்திரம், வலிப்பு மாத்திரை, இந்த நான்கையும் யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லத் தயங்கவே வேண்டாம். பெரும்பாலும் ஒரு மாதம் தள்ளிப்போவதால் முதுகுக்கு ஒன்றும் ஆகிவிடாது. தயாராகாத உடம்பை மேஜையில் ஏற்றினால் என்னென்னவோ ஆகும்.

ஆபரேஷனே கூடாது என்று சொல்ல வரவில்லை. பெருமூளை வாதத்தில் தானாக உட்கார முடியாத, சக்கர நாற்காலியையே நம்பியிருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 18 வயதுக்குள் முதுகு நன்றாகவே வளைந்துவிடுகிறது. வளைவு 50 டிகிரியைத் தாண்டினால், வளர்த்தி நின்ற பிறகும் கூடிக்கொண்டுதான் போகும். பெல்ட் போட்டால் நிமிர்ந்து உட்கார உதவும். வளைவை அது நிறுத்தாது. ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கேட்டால், பெற்றோரில் பெரும்பாலானோர் செய்தது நல்லதுதான் என்கிறார்கள். அந்த ஒரு வருஷத்துக்குள் என்னென்ன வரலாம் என்பதைத்தான் முன்கூட்டியே யாரும் விரித்துச் சொல்வதில்லை.

மேல் முதுகிலிருந்து இடுப்பெலும்பு வரை தோலைத் திறந்து, எலும்புக்கு எலும்பு ஸ்க்ரூ முடுக்கி, இரண்டு ராடுகளைப் பொருத்தி, முதுகு முழுவதையும் ஒரே எலும்பாக ஒட்டவைக்கும் வேலை இது. பல மணி நேரம் பிடிக்கும். ‘பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் முதுகு வளைவுதான், ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்தில் ஸ்கூலுக்குப் போய்விட்டாள்’ என்று யாராவது தைரியம் சொன்னால், அந்தக் கணக்கு இங்கே செல்லாது. வேறு நோய் எதுவும் இல்லாத அந்தப் பெண்ணுக்கு ஆழத்தில் கிருமி தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்று, இரண்டுதான். சி.பி. பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தொற்று வருகிறது. நுரையீரல் சிக்கலோ ஐந்தில் ஒருவருக்கு: சளி கட்டுவது, நிமோனியா, வென்டிலேட்டரிலிருந்து இறங்க முடியாமல் போவது.

தொற்று எப்படி வருகிறது என்று பாருங்கள். தையலின் கீழ் நுனி டயபரின் மேல் விளிம்புக்கு மிக அருகில் முடிகிறது. மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்த மறுநாள் டயபர் நிறைந்து பின்பக்கமாக ஏறும். ராத்திரி மூன்று மணிக்கு அது பிளாஸ்திரிக்கு அடியில் கசிந்தால், காலையில் ரவுண்ட்ஸ் வரும்வரை யார் பார்க்கப்போகிறார்கள்? குடல் கிருமி ராடைப் பிடித்துக்கொண்டால் சுலபத்தில் போகாது. எலும்பு ஒட்டும்வரை ராடைக் கழற்றவும் யோசிப்பார்கள். மறுபடி தியேட்டர், மறுபடி கழுவல், மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக். ஆகவே கீழ் நுனியைத் தண்ணீர் புகாத பிளாஸ்திரியால் மூடச் சொல்லுங்கள். ஈரமானால் அப்போதே மாற்றச் சொல்லிச் சண்டை போட்டாலும் தப்பில்லை. ஆபரேஷனுக்கு முன்பே மூத்திரத்தை கல்ச்சருக்கு அனுப்பி, தொற்று இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட வேண்டும்.

எடை விஷயத்துக்கு வருவோம். ஒரு கிண்ணம் சாதத்தை ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது, இருமிக்கொண்டே விழுங்குகிறான் என்றால், அந்தப் பிள்ளைக்குப் புண் ஆறத் தேவையான சத்து உடம்பில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் தொற்று அபாயம் கூடும் என்பது 1990களிலேயே தெரிந்த சங்கதி. சில பிள்ளைகளுக்கு வயிற்றில் டியூப் போட்டுச் சில மாதம் எடை ஏற்றிய பிறகுதான் முதுகைத் தொடவே வேண்டும். டியூபா என்று பல வீடுகளில் பதறுகிறார்கள். ராடுக்குச் சம்மதித்த மனசு டியூபுக்கு ஏன் பதற வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் கொடுத்துவருகிறீர்களா? இந்த மருந்து சிலருக்கு ரத்தம் உறைவதைக் கெடுக்கும். சி.பி. பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷனில் ஏற்கனவே ரத்தம் அதிகமாகப் போகும். பிளேட்லெட் எண்ணிக்கையையும் ரத்தம் உறையும் திறனையும் பார்க்காமல் தேதி கொடுக்கக் கூடாது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு கட்டுக்கடங்காமல் வரும். நரம்பியல் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபெனும் அப்படித்தான். ‘வெறும் வயிறு’ என்ற பெயரில் அது திடீரென்று நின்றால் ஜன்னி, வலிப்புவரை போகும். இந்த மருந்தைச் செலுத்த உடம்புக்குள் பம்ப் வைத்த பிள்ளைக்கு அது நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து.

கொஞ்சம் நடக்கிற பிள்ளையா? ராடை இடுப்பெலும்பு வரை இறக்கினால் நடை கெடலாம். எதுவரை இறக்குகிறீர்கள், ஏன் என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்.

வார்டுக்கு வந்த பிறகு பச்சையாக வாந்தி எடுத்தால் உஷார். மயக்க மருந்தின் வேலைதான் என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். முதுகு திடீரென்று நிமிர்ந்ததில் சிறுகுடலின் தொடக்கம் ரத்தக்குழாய்க்கு அடியில் நசுங்கியிருக்கலாம். கணையம் வீங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கால் அசைவு முன்பைவிடக் குறைந்தாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ, ‘சி.பி. பிள்ளைதானே, அப்படித்தான் இருக்கும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன் கால் எப்படி அசைந்தது என்பதை செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால் யாரும் மறுக்க முடியாது. பேசத் தெரியாத பிள்ளையின் வலி அதன் அம்மாவுக்குத்தான் தெரியும்: பல்லைக் கடிப்பது, ஒரு பக்கமாக முறுக்குவது, சத்தமே இல்லாமல் கண்ணீர் வடிப்பது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.

பேக்கேஜ் என்று ஒரு தொகை சொல்வார்கள். அதில் ஐசியு எத்தனை நாள், மறுபடி தியேட்டருக்குப் போனால் யார் செலவு என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: வென்டிலேட்டரோடு குழந்தைகளுக்கான ஐசியு இல்லாத ஆஸ்பத்திரியில், அது எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும், இந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.