மலையின் மழைக்கணக்கும் வீட்டுப் பழமரமும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றி இப்போது வீடு கட்டுகிறவர்களில் பலரிடம் இருப்பது அரை கிரவுண்டோ ஒரு கிரவுண்டோதான். புதுமனை புகுந்த கையோடு கொல்லையில் ஒரு பழமரம் வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. நர்சரிக்குப் போனால் அவகாடோ, ரம்புட்டான் என்று கன்றுகள் கண்ணைப் பறிக்கின்றன. ருசியையும் விலையையும் கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மரம் எந்த மாதத்தில் இலை உதிர்க்கும், எப்போது பூக்கும், எப்போது காய் பருக்கும்? அண்ணாமலை அடிவாரத்தில் ஆடி, ஆவணியில் மாலை நேரத்து இடிமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தை பிறந்தால் வைகாசி வரை வானத்தை நம்ப முடியாது. மேலே செம்மண்ணும் சரளையும், கீழே கெட்டிப் பாறை. இந்தக் கணக்குக்கு ஒத்துவருகிற மரத்தை வைத்தால் அது நம்மைக் காப்பாற்றும். ஒத்துவராததை வைத்தால் ஒவ்வொரு கோடையிலும் நாம்தான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

மலைமேல் வாழ்ந்தவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருந்தார்கள். ரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் இருந்தார். கோடையில் அங்கே தண்ணீர் வற்றும்போது, முலைப்பால் தீர்த்தத்தை ஒட்டிய மாமரத்துக் குகைக்கு ஜாகை மாறிவிடும். 1916-ல் குடிபோன கந்தாசிரமமோ, வற்றாத சுனை உள்ள இடம். கந்தசாமி என்ற அடியவர் பாறைச் சரிவைத் திருத்தி உருவாக்கிய இடம் அது. அத்தனை உயரத்தில் தென்னை நிமிர்ந்து நின்றதற்குச் சுனைதான் காரணம். தென்னைக்கு வற்றாத தண்ணீர் வேண்டும், மாவுக்கு அவ்வளவு வேண்டாம். இந்தப் பாகுபாட்டை நம் கொல்லைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அப்படிப் பார்த்தால் சீத்தாவுக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். ஆனாலும் இதே மாவட்டத்து ஜவ்வாது மலையில் சொந்த மண் போல விளைகிறது. வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாய் நிற்கும். கோடைமழை விழுந்ததும் துளிர்த்துப் பூக்கும். மழைக்காலத்தில் பழம் தரும். நிறையப் பூத்தும் காய் நிற்கவில்லை என்று வருந்துகிறவர்கள் பூவைக் கவனிக்க வேண்டும். தடித்த மூன்று இதழ்களும் லேசாக விலகியிருக்கும்போது உள்ளே சூல்முடி தயாராக இருக்கும். மகரந்தம் அதற்குப் பிறகுதான் உதிரும். அதனால் ஒரு பூவின் மகரந்தம் அதே பூவுக்கு உதவாது. சின்ன வண்டுகள் செய்கிற வேலையை நாமே செய்யலாம்: நன்றாக விரிந்த பூவின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு, பாதி விரிந்த பூவுக்குள் தடவிவிட்டால் காய் பிடிக்கும்.

நெல்லி இன்னும் கெட்டிக்கார மரம். கோடையின் தொடக்கத்தில் பூத்துச் சூல்கொண்ட பிஞ்சு, வெயில் முடியும்வரை வளராமல் உறங்கிக் கிடக்கும். மழை கண்டதும் பருக்கத் தொடங்கும். மாமரத்துக்கோ பூக்குமுன் கொஞ்சம் காய்ச்சல் வேண்டும். மார்கழியில் பாசத்தோடு தினமும் குழாயைத் திறந்துவிடுகிற வீட்டில் மா பூக்காமல் தழைத்துக்கொண்டே இருக்கும்.

போர்வெல் இருக்கிறது, சொட்டுநீர்க் குழாய் இருக்கிறது, இனி எதையும் வளர்க்கலாமே என்பார்கள். பாறை இடுக்கில் கசிகிற தண்ணீரைத்தான் தெருவில் உள்ள எல்லாரும் உறிஞ்சுகிறோம். பங்குனியில் மோட்டார் காற்றை இழுக்கும்போது குடிக்கவா, மரத்துக்கா என்று வந்தால் மரம்தான் தோற்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேமிப்பு கட்டாயம். மொட்டைமாடித் தண்ணீரை மரத்தடிக்கு அருகே ஒரு குழியில் இறக்கினால் ஐப்பசி மழை மண்ணில் தங்கும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் ஓர் எலுமிச்சைக்குப் போதும். ஆர்.ஓ. கழிவுநீரை மட்டும் அதற்கு ஊற்றாதீர்கள். அதில் உப்பு செறிந்திருக்கும், எலுமிச்சை தாங்காது. சப்போட்டா ஓரளவு தாங்கும்.

குரங்குகளைச் சொல்லி மரமே வேண்டாம் என்கிறவர்களின் வருத்தம் நியாயமானது. கிரிவலப் பாதையை ஒட்டிய வீட்டில் பழுத்த கொய்யா மரத்தில் நிற்காது. அங்கே புளிப்பும் முள்ளும் உள்ள எலுமிச்சை முந்தும். சீத்தாவின் கண்களுக்கிடையே பள்ளம் அகன்று வெளிறும்போதே பறித்து அரிசிப் பானையில் வைத்தால் சில நாளில் கனியும். மரத்திலேயே பழுக்கவிடத் தேவையில்லை. கொஞ்சம் போகத்தான் போகும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டு நடுவதே இந்த அடிவாரத்துக்குப் பொருந்தும்.

இடம் போதாது என்பதற்கும் வழி இருக்கிறது. சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒட்டுக்கன்றை நட்டு, இடுப்பளவில் நுனி கிள்ளிப் பக்கக் கிளைகளை வளர்த்தால் கை எட்டும் உயரத்திலேயே மரம் நிற்கும். நெல்லியில் மட்டும் ஒற்றை மரம் சரியாகக் காய்க்காது. வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். இரண்டுக்கு இடமில்லை என்றால் பக்கத்து வீட்டாரிடம் பேசி, ஒருவர் என்.ஏ. 7 ரகமும் மற்றவர் கிருஷ்ணா ரகமும் இந்த ஆடியிலேயே நட்டுவிடலாம்.