புதிய மண்ணின் பறவைகளை அறிவோம்

ஒரு குடும்பம் இடம்பெயரும்போது கையோடு எடுத்துச் செல்லக்கூடியவை சிலவே. உடுபுடவை, சில பாத்திரங்கள், பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், முடிந்தால் ஒரு பை விதைநெல். எடுத்துச் செல்லமுடியாத ஒன்றும் உண்டு. அதுதான் அந்த ஊரைப் பற்றிய அறிவு. எந்த மரத்துப் பொந்தில் கிளி குஞ்சு பொரிக்கும், எந்தப் பக்கம் மயில் வந்து நெல்லைக் கொத்தும், இரவில் ஆட்காட்டி கத்தினால் வயல் வரம்பில் என்ன நடமாடுகிறது என்பனவெல்லாம் பழைய ஊரின் பாடங்கள். புதிய ஊரில் அவற்றை அரிச்சுவடியிலிருந்து மீண்டும் கற்கவேண்டியுள்ளது.

மாத்தளை மாவட்டத்தில் இத்தகைய குடும்பங்கள் பல உள்ளன. போரினால் வந்தோர் ஒருபுறம். 2007இல் வேலை தொடங்கிய மொரகஹகந்த - களுகங்கைத் திட்டத்துக்காக வயலையும் வீட்டையும் விட்டு எழுந்தோர் மறுபுறம். பழைய லக்கல நகரமே நீருக்குள் போய், புதிய நகரமொன்று கட்டப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் மண்சரிவுகள் மேலும் பலரை வீடிழக்கச் செய்தன. காரணங்கள் வேறுபட்டாலும் இவர்கள் எல்லோர் முன்னும் உள்ள கேள்வி ஒன்றே: இந்தப் புதிய மண் எப்போது எமது மண்ணாகும்? காணி உறுதி கைக்கு வந்தால் மட்டும் அது நடந்துவிடுவதில்லை.

இக்கேள்வியை மனதிற் கொண்டே, மீள்குடியேறிய குடும்பங்களின் இளைஞர் சிலருடன் நக்கிள்ஸ் மலைக்காட்டில் பறவை பார்க்கும் நடையொன்றை மேற்கொண்டோம். உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டும் ஒருவர் எம்மோடு வந்தார்.

ஒரு வீதி, மூன்று காடுகள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக றிவஸ்டன் ஏறி, இலுக்கும்புர, லக்கல பக்கமாக இறங்கும் வீதி இலங்கையின் அதிசய வீதிகளில் ஒன்று. மலைத்தொடர் பருவக்காற்றுக்களை மறித்து நிற்பதால் மேற்குச் சரிவு ஈரமாகவும் கிழக்குச் சரிவு வறண்டும் இருக்கின்றன. சில மணி நேரப் பயணத்திலேயே ஈரக்காடு, உயர்மலைக்காடு, உலர்காடு ஆகிய மூன்றையும் கடந்துவிடுகிறோம். காடு மாறும்போது பறவையும் மாறுகிறது.

இரத்தோட்டைப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களில் குக்குறுவானின் குரல் ஓயாது கேட்கிறது. பலா, கித்துள், மிளகுக்கொடி எனக் காடு போலவே தோட்டம் இருப்பதால் காட்டுப் பறவைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. றிவஸ்டன் உச்சியில் காற்றின் வேகத்தால் மரங்கள் வளராமற் குட்டையாகி நிற்கின்றன. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி அங்கு எம்மைப் பற்றிய கவலையின்றிப் பழம் தின்றுகொண்டிருந்தது. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. இந்நாட்டில் பதிவான ஏறத்தாழ 500 பறவையினங்களுள் முப்பதுக்கும் மேற்பட்டவை இத்தகையன. மலையோடைகளின் ஓரத்தில் வாழும் சீழ்க்கைக் குருவி அவற்றுள் மிக அரிதானது. அதைப் பார்க்கவென்றே கடல் கடந்து வருவோர் உளர். பிட்டவலப் புல்வெளியைத் தாண்டிக் கீழே இறங்கினால் மயில், ஆட்காட்டி, இருவாய்ச்சி என வயற்காரருக்குப் பழக்கமான கூட்டம் வந்துசேர்கிறது.

அங்கேதான் ஒன்றைக் கவனித்தோம். உச்சியில் வாய்திறவாது நடந்த இளைஞர்கள், கீழே வந்ததும் வழிகாட்டியை முந்திக்கொண்டார்கள். அவர் தூரக்கண்ணாடியை எடுக்குமுன்பே, "செண்பகம், அந்தப் பற்றைக்குள்" என்றான் ஒருவன். குரலைக் கொண்டே சொன்னான். சேனையில் இராக்காவல் இருந்த தகப்பனிடம் கற்ற பாடம் அது.

காது செய்த கண்டுபிடிப்பு

இது சிறிய விடயமன்று. பறவை பார்த்தல் என்று பெயர் இருந்தாலும் அடர்ந்த காட்டில் முதலில் வேலை செய்வது காதுதான். தீபால் வரகாகொட என்ற இலங்கைப் பறவை ஆய்வாளர் 1995இல் மழைக்காட்டின் இரவில் எவருக்கும் தெரியாத ஒரு குரலைக் கேட்டார். அப்பறவையைக் கண்ணால் காண 2001 வரை காத்திருந்தார். 2004இல் அது அறிவியலுக்குப் புதிய ஆந்தையினம் என வெளியிடப்பட்டது. இரவில் வயலைக் காத்த எமது மக்களுக்கும் அத்தகைய காது உண்டு. அதை அறிவென்று எவரும் சொல்லாததால் அவர்களும் அப்படி நினைப்பதில்லை.

அந்த அறிவைத் தொழிலாக்கியவர்களும் உண்டு. தமிழ்நாட்டு எல்லையை அடுத்த தேக்கடிக் காட்டில் களவாக மரப்பட்டை உரித்து வாழ்ந்தவர்கள், 1990களின் பிற்பகுதியில் வனத்துறையுடன் உடன்பட்டு, அதே காட்டின் வழிகாட்டிகளாகவும் காவலராகவும் மாறினார்கள். காட்டின் ஒற்றையடிப்பாதைகள் அவர்களுக்கே நன்கு தெரிந்திருந்தன. எமது நாட்டில் சிங்கராஜக் காட்டின் எல்லைக் கிராமத்து இளைஞர்கள் வழிகாட்டிகளாக உள்ளனர்.

பாதுகாப்பும் மக்களும்

நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இதனால் நீரூற்றுக்கள் காக்கப்பட்டமை உண்மை. காட்டின் கீழ் ஏலம் பயிரிட்ட குடும்பங்கள் பிழைப்பை இழந்தமையும் உண்மை. மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களில் பரந்துள்ள வஸ்கமுவ, மகாவலித் திட்டத்தால் வாழிடம் இழந்த விலங்குகளுக்குப் புகலிடமாக 1984இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. இடம்பெயர்ந்த யானைக்கு ஓர் இடம் வேண்டுமென்று சிந்தித்த நாடு, இடம்பெயர்ந்த விவசாயிக்கும் அக்காட்டின் பயனில் ஒரு பங்கு தரவேண்டும் என்று கேட்பது நியாயமே. சுமை தூக்குவதும் தேத்தண்ணீர் விற்பதும் மட்டும் அப்பங்காக அமைந்துவிடலாகாது.

அதேவேளை வீண் நம்பிக்கை ஊட்டவும் நாம் விரும்பவில்லை. பறவை பார்க்க வருவோர் ஆண்டு முழுவதும் வருவதில்லை. பயிரே எமது பிழைப்பு. அந்தப் பயிரை மயில் அழிக்கும்போது பறவையின் அழகைப் பேசுவது கோபத்தையே தரும். அந்தக் கோபத்தையும் அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லவேண்டும். ஆனால் எந்தப் பறவை, எந்த மாதம், எந்த வயலில், எவ்வளவு சேதம் என்று எழுதி வைத்தவரின் முறைப்பாட்டுக்கே பலம் அதிகம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கிராமத்துக்கு ஒரு கொப்பி. பிள்ளைகள் கண்ட பறவை, நாள், இடம், அது இருந்த மரம் ஆகியவற்றை எழுதட்டும். பெயர் தெரியாவிடின் பாட்டன், பாட்டியிடம் கேட்கட்டும். அயலிலுள்ள சிங்களக் குடும்பங்களிடமும் கேட்கட்டும். ஒரு குருவியின் பெயரைக் கேட்டுப் போன பிள்ளை ஒரு நட்புடன் திரும்பக்கூடும்.

இரண்டாவது, ஒழுங்கு. சூரியன் எழும் நேரமே ஏற்ற நேரம். மங்கலான நிற உடை, தாழ்ந்த குரல், அட்டைக்கடிக்கு எதிராகக் காலில் சவர்க்காரம் என்பன போதும். கூட்டை நெருங்கலாகாது. ஒலிநாடாவிலோ தொலைபேசியிலோ குரலை இசைத்துப் பறவையை அழைத்து அலைக்கழிக்கலாகாது. பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் செல்லுமுன் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெறவேண்டும்.

மூன்றாவது, கூட்டாகச் செயற்படல். தனியொருவர் வழிகாட்டியானால் அயலாருக்குப் பொறாமை. சங்கமாக இணைந்து, முறை வைத்து, வருமானத்தில் ஒரு பகுதியைப் பொது நிதிக்கு ஒதுக்கினால் ஊருக்கே பயன்.

தூரத்திலிருந்து வந்தவர்கள்

ஆறுமணிக்குருவியை நீங்கள் அறிவீர்கள். காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குச் சீழ்க்கையடிப்பதால் வந்த பெயர். இமயமலை அடிவாரத்திலும் வட, மத்திய இந்தியக் காடுகளிலும் பிறந்து, குளிர்காலத்தில் கடல் தாண்டி எமது தோட்டங்களுக்கு வருகிறது. சருகைக் கிளறிப் புழு தின்று, காலம் வந்ததும் திரும்புகிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்ட வேலைக்காக வந்த மலையகத் தமிழரின் முன்னோரும் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். எஞ்சியோர் இந்த மலைகளின் மழையையும் மரத்தையும் கற்றே இங்கு வேரூன்றினார்கள்.

இயேசு தமது மலைப்பொழிவில், நாளைய உணவைப் பற்றிக் கவலைப்பட்ட மக்களைப் பார்த்தே வானத்துப் பறவைகளைக் கவனிக்கச் சொன்னார். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தந்தையாகிய இறைவனின் பராமரிப்பில் நம்பிக்கை வைக்கவே சொன்னார். பழைய ஊரின் பறவைகளை மறக்கவேண்டியதில்லை. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அத்தோடு புதிய ஊரின் ஐந்து பறவைகளின் பெயரை இவ்வாரத்துக்குள் அறிந்துகொள்ளுங்கள். இந்த மண்ணோடு உறவு கொண்டாட அது ஒரு நல்ல தொடக்கமாகும்.