மணற்கடிகாரமும் தொடுதிரையும்

2007ஆம் ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘த லெஜெண்ட் ஆஃப் செல்டா: ஃபேண்டம் அவர்கிளாஸ்’, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கேம்கியூப் கருவிக்காக 2002இல் வெளிவந்த ‘விண்ட் வேக்கர்’ என்னும் கடற்பயண வீடியோ கேமின் தொடர்ச்சியாகும். கதை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தபோதிலும் ஆடும் முறை அடியோடு மாறியதற்குக் காரணம், நிண்டெண்டோ டி.எஸ். என்னும் கையடக்கக் கருவியின் அமைப்பே.

நடுவில் மடித்து மூடத்தக்க அக்கருவியின் இரு திரைகளுள் கீழ்த்திரை மின்தடை வகைத் தொடுதிரை ஆகும்; அதாவது, நுண்ணிய இடைவெளியுடன் அடுக்கப்பட்ட இரு மின்கடத்தும் படலங்கள் அழுத்தம் விழும் இடத்தில் ஒன்றையொன்று தொட, அங்குள்ள மின்னழுத்தத்தை அளந்து புள்ளியின் இருப்பிடத்தைக் கருவி கணக்கிடுகிறது. கூர்முனைக் குச்சியின் தொடுகையை இத்தகைய திரை நுட்பமாக உணரும் என்பதால், தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமாவின் குழு நாயகன் லிங்கின் நடையையும் வாள்வீச்சையும் முழுக்க அக்குச்சியிடமே ஒப்படைத்தது.

பூமராங் பறக்கவேண்டிய வளைவைத் திரையில் வரைந்தால் அது அவ்வழியே சென்று திரும்புகிறது. வரைபடத்தின்மேல் ஆடுபவர் தம் கையாலேயே குறிப்பெழுதி வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றினும் சிறந்தது ஒரு புதிர்: மேல்திரையில் தெரியும் சின்னத்தைக் கீழ்த்திரையிலுள்ள கடல் வரைபடத்தில் பதிக்குமாறு கட்டளை வருகிறது. எத்தனை முறை தேய்த்தாலும் தட்டினாலும் பயனில்லை. கருவியை மூடித் திறந்தால் முத்திரை குத்தியதுபோல் சின்னம் பதிந்திருக்கும். கருவியின் கீல்கூட விளையாட்டின் உறுப்பாகிவிட்ட இவ்விடத்துக்கு ஈடு சொல்வது கடினம்.

குறையும் பெரியதே. ‘கடலரசன் கோயில்’ என்னும் நிலவறைக்குள் உயிர் உறிஞ்சும் சாபம் நிலவுகிறது. மணற்கடிகாரத்தில் மணல் உள்ளவரை மட்டுமே லிங்க் அதிலிருந்து தப்பலாம் என்பதோடு, வாளுக்கு அஞ்சாத காவற்பூதங்களின் கண்ணிலும் படாமல் பதுங்கிச் செல்லவேண்டும். முதன்முறை இது நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. ஆனால் கதை ஒவ்வொரு கட்டம் நகரும்போதும் அதே கோயிலுக்குத் திரும்ப நேர்வதால், ஏற்கெனவே விடுவித்த புதிர்களை மீண்டும் விடுவிக்கும் சலிப்பே மிஞ்சுகிறது. புதிய கருவிகள் குறுக்குவழிகளைத் திறக்கின்றன, பாதிவழியில் ஒரு தாவுவாயிலும் உண்டு. எனினும் சலிப்பு முற்றிலும் நீங்குவதில்லை. குச்சி பிடித்த கையே திரையின் ஒரு பகுதியை மறைப்பதும், விளக்கணைக்க ஒலிவாங்கியில் ஊதவேண்டியிருப்பதும் சிறு தொல்லைகள். பேருந்தில் அமர்ந்து ஆடுவோருக்குப் பின்னது அத்தனை சிறிதன்று.

2009இல் வந்த அடுத்த தொடர்ச்சியான ‘ஸ்பிரிட் டிராக்ஸ்’ இக்குறையை உணர்ந்தே அமைக்கப்பட்டது: நடுக்கோபுரத்தில் கடந்த தளங்களைத் திரும்ப ஆடவேண்டியதில்லை, இளவரசி செல்டாவே காவற்கவசத்துக்குள் புகுந்து துணையாகச் சண்டையிடுகிறாள். ஆயினும் கப்பலுக்குப் பதில் வந்த ரயில், தண்டவாளத்தை விட்டு விலகமுடியாததால் கடலில் விருப்பம்போல் திரிந்த சுதந்திரத்தைப் பறித்தது. ஒலிவாங்கியில் ஊதி வாசிக்கவேண்டிய புல்லாங்குழலோ மூச்சின் அளவு சற்றுப் பிசகினாலும் பாடலை முதலிலிருந்து தொடங்கச் சொன்னது.