பழைய லேத்துக்கு எந்த மோட்டார்?

கைச்சக்கரம் சுற்றி ஓட்டிய லேத்தையோ மில்லிங் மெஷினையோ கணினி ஓட்டும் சிஎன்சி இயந்திரமாக்க நினைக்கும் எந்தப் பட்டறையிலும் முதலில் எழும் கேள்வி: ஸ்டெப்பரா, சர்வோவா?

வழக்கமான ஸ்டெப்பர், ஒரு சுற்றை 200 படிகளில் முடிக்கும். 5 மி.மீ. பிட்ச் திருகில் படிக்கு 0.025 மி.மீ. விலையும் மலிவு. ஆனால் வேகம் கூடக்கூட முறுக்குவிசை சரியும். பளு தாங்காமல் படி தவறினால் கன்ட்ரோலருக்குத் தெரியவே தெரியாது. வேலை பாட்டுக்கு ஓடும், பீஸ் வீண்.

சர்வோவில், மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் என்கோடர் உண்டு. பிசகு எல்லை மீறினால் அலாரம் அடித்து நின்றுவிடும்.

சிறிய ரவுட்டருக்கு ஸ்டெப்பரே தாராளம். கனமான மில்லிங் மேசைக்குச் சர்வோதான் சரி. ஆனால் திருகு தேய்ந்திருந்தால் இரண்டும் ஒன்றுதான். என்கோடர் பெரும்பாலும் மோட்டார் தண்டில் இருப்பதால், திருகின் ஆட்டம் அதன் கண்ணில் படாது.