மேல்நடு எடையில் மேலானவர் யார்?

கோலார் தங்கவயல் தமிழர்க்குச் 'சாம்பியன்' என்னும் சொல் புதிதன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை தோண்டப்பெற்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பெற்றது. 1880 ஆம் ஆண்டில் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே அடியெடுத்து வைத்த பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்து நம்மவர் திரளாகச் சென்று குடியேறினர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலிலிருந்து, சுரங்கத் தொழிலில் கைதேர்ந்த வெள்ளையர் மேற்பார்வைக்கு வந்தனர். அந்தக் கார்ன்வாலிலிருந்தே இன்றைய விவாதத்தைத் தொடங்கலாம்.

பிரிட்டன் ஈன்ற 'சூப்பர் மிடில்வெயிட்' குத்துச்சண்டை வீரருள் தலைசிறந்தவர் யார்? ரசிகர்கள் ஓயாது வாதிடும் வினா இது. முதலில் சொல்லின் பொருளைக் காண்போம். குத்துச்சண்டையில் ஒத்த எடையினரே மோத வேண்டும் என்பது நியதி. நடு எடைக்கு உச்சவரம்பு 160 ராத்தல். இலகு கன எடைக்கு 175 ராத்தல். இடைப்பட்ட உடலமைப்புடையவர் ஒன்று பட்டினி கிடந்து இளைக்க வேண்டும். அன்றேல் தம்மினும் பருத்தவரோடு பொருத வேண்டும். இக்குறையைப் போக்க, 168 ராத்தல், அதாவது ஏறத்தாழ 76 கிலோ வரம்புடைய மேல்நடு எடைக்கு 1984 இல் உலகப் பட்டம் ஒன்று ஏற்படுத்தப்பெற்றது. அதனை முதலில் வென்றவர் எடின்பரோவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த மரே சதர்லாந்து.

ஆனால் அப்பிரிவு தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அவ்வெடையில் ஒருவர் உலகை வென்றார். கார்ன்வாலின் ஹெல்ஸ்டன் ஊரில் 1863 இல் பிறந்த பாப் ஃபிட்ஸ்சிமன்ஸ், சிறுவயதிலேயே குடும்பத்தோடு நியூசிலாந்து சென்று கொல்லுப்பட்டறையில் உடலுரம் பெற்றவர். 1891 இல் நடு எடைப் பட்டம் வென்றார். 1897 இல் நெவாடா மாநிலத்துக் கார்சன் நகரில், தம்மினும் பருத்த ஜேம்ஸ் கார்பெட்டைப் பதினான்காம் சுற்றில் வயிற்றுக்குழியில் குத்தி வீழ்த்திக் கன எடைப் பட்டத்தையும் கவர்ந்தார். அன்று அவர் எடை 167 ராத்தல் என்பர்! 1903 இல் இலகு கன எடைப் பட்டமும் பெற்றார்.

இனித் தற்காலத்தவரைக் காண்போம். 1990 களில் கிறிஸ் யூபாங்கும் நைஜல் பென்னும் எதிரெதிர்த் துருவங்களாய் விளங்கினர். 1993 அக்டோபரில் மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் அவர்கள் மோதிய போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அவர்களுக்குப் பின் எழுந்தவர் ஜோ கால்சாகி. 1997 இல் யூபாங்கை வென்று பட்டம் பெற்ற அவர், அதனை 21 முறை காத்து, 46 போட்டிகளில் ஒன்றிலும் தோலாது ஓய்வு பெற்றார். நாட்டிங்ஹாம் கார்ல் ஃபிராச் 35 போட்டிகளில் இரண்டில் தோற்றார். எனினும் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் வலிமை மிக்கவரையே தேடிச் சென்றார். 2011 இல் ஆண்ட்ரே வார்டிடம் தோற்றவர், அடுத்த போட்டியிலேயே, அதுகாறும் தோல்வி காணாத லூசியன் பூட்டேயை ஐந்தாம் சுற்றில் நிலைகுலையச் செய்தார்.

எந்த அளவுகோலால் அளப்பது? தோல்வியின்மையே அளவாயின் கால்சாகிக்கு நிகரில்லை. ஆயினும் அவர் நெடுங்காலம் பிரபலமற்ற எதிரிகளோடு பொருதார் என்பது நியாயமான குறையே. எதிரிகளின் தரமே அளவாயின் ஃபிராச் முந்துகிறார். இருவரையும் ஒரே தராசில் நிறுக்கப் பொதுக்கல் ஒன்றுண்டு: டென்மார்க் வீரர் மிக்கெல் கெஸ்லர். 2007 இல் அவரைக் கார்டிஃபில் கால்சாகி வென்றார். ஃபிராச் 2010 இல் அவரிடம் தோற்று, 2013 இல் வென்றார். முதற்போட்டி கெஸ்லரின் தாய்நாட்டில் நடந்ததென்பதை ஃபிராச்சின் அன்பர் எடுத்துரைப்பர், அதுவும் மெய்யே. ஆயினும் கெஸ்லர் தோல்வியறியாதிருந்த காலத்தில் அவரை வென்றவர் கால்சாகியே. ஆதலின் இப்பிரிவில் முதலிடம் அவருக்கே உரியது என்பது என் துணிபு. துணிவுக்கு முதலிடம் ஃபிராச்சுக்கு உரித்தாகுக.

இவ்விவாதத்தில் மறத்தலாகாத பெயர் மைக்கேல் வாட்சன். 1991 செப்டம்பரில் யூபாங்கோடு பொருது மூளையில் கடுங்காயமுற்று, நாற்பது நாள் நினைவின்றிக் கிடந்தார். உயிர்ப்புச் சிகிச்சைக்குரிய ஏற்பாடு மேடையருகே இல்லாமை பெருங்குறையென வழக்குத் தொடுத்தார். பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியமே பொறுப்பு என 1999 இல் தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஆபத்தான தொழிலில் இறங்கும் மனிதனுக்கு உதவி எத்தனை நிமிஷத்தில் கிட்டும் என்பதே, அவனை அத்தொழிலில் இறக்குவோரின் நேர்மைக்கு அளவுகோல். பாறைவெடிப்பின் ஓசை கேட்டுச் சுரங்க வாயிலில் காத்துநின்ற குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நிறைவாக ஒன்று. இவர்களெல்லாம் எந்நாட்டினர்? ஃபிட்ஸ்சிமன்ஸைக் கார்ன்வாலும் நியூசிலாந்தும் தம்மவர் என்கின்றன. யூபாங்கின் பெற்றோர் ஜமெய்க்கர். பென்னின் பெற்றோர் பார்படோஸினர். கால்சாகியின் தந்தை சார்டினியத் தீவினர். மகன் வளர்ந்ததோ வேல்ஸில், நிலக்கரியால் வளர்ந்து, பிறகு சுரங்கங்கள் மூடப்பெற்ற நியூபிரிட்ஜில். அவரை 'நம்மவர்' என்று கொண்டாட அவ்வூரார் எவரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. 2001 பிப்ரவரி இறுதியில் தங்கவயற் சுரங்கங்கள் மூடப்பெற்ற பின், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லத் தொடங்கிய தமிழ் மக்களும், பிற மாநிலங்களில் வேரூன்றிய நம் நேயர்களும் இதனை எண்ணிப் பார்க்கலாம். பிறந்த மண், வளர்ந்த மண் இரண்டுக்கும் உரியவராய் வாழ்தல் ஒருவருக்குக் குறையன்று. இருமடங்கு உரிமையே ஆகும்.